சுவரில் பதிக்கும் கடல்மீன் தொட்டி: பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஹால் சுவரில் பெரிய கடல்மீன் தொட்டி பதிக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது, எத்தனை அடி வைக்கலாம் என்றுதான். அடுத்தது கண்ணாடியா, அக்ரிலிக்கா. அதற்கடுத்தது எந்த விளக்கு. எல்லாம் நியாயமான கேள்விகள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். அவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்கவேண்டியதை யாரும் கேட்பதில்லை: அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது? சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு கண்ணாடிச் சட்டம். தினமும் தீனி போட்டு, உப்பு அளந்து, பாசி சுரண்டப்போகிறவர் நிற்பது பின்னால். அவருக்கு நிற்க இடமில்லை என்றால் கொஞ்ச காலத்தில் மீன்கள் போய், அந்த ஓட்டையில் டிவி வந்து உட்காரும்.

சென்னையையும் ஈ.சி.ஆர். பக்கத்து வீடுகளையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். மே மாத வெயில், உவர்ப்பான போர்வெல் தண்ணீர், புயல் நேரத்து மின்தடை எல்லாம் இந்தக் கணக்கில் உண்டு. கோவைக்காரர்கள் வெயில் பகுதியைக் கொஞ்சம் தளர்த்தி வாசித்துக்கொள்ளலாம்.

சுவருக்குப் பின்னால்

நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, அலமாரி மாதிரி சுவரில் குழி எடுத்து அதற்குள் தொட்டியைத் தள்ளிவிடுவது. இன்டீரியர் டிசைனர்கள் படத்தில் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். மேலே கைவிட ஒரு கதவு, கீழே சம்ப் (தொட்டி நீரைச் சுத்தம்செய்யும் துணைத்தொட்டி) வைக்க ஒரு கதவு. தண்ணீர் மாற்றும் நாளில் வாளியும் டியூபும் ஹால் வழியாகத்தான் போய்வர வேண்டும். நான்கடி நன்னீர்த் தொட்டி என்றால் இதில் சமாளித்துவிடலாம். உப்புத் தண்ணீர் அப்படி இல்லை. சொட்டின இடமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூக்கும், பிளைவுட் ஊதும், கீல் துருப்பிடிக்கும், காற்றோட்டம் இல்லாத குழிக்குள் சூடு தங்கும். செலவு குறைவு என்று இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மரவேலையை மறுபடி செய்யும் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரண்டாவது, ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் வைத்து இருபுறமும் பார்ப்பது. கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். இருபுறமும் தெரியும் தொட்டியில் குழாயை எங்கே ஒளிப்பது? மேல்நீர் வழிந்து சம்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியை எங்கே வைப்பது? பாறையை எந்தப் பக்கமும் முதுகு காட்டாமல் அடுக்குவது தனிக்கலை. பம்பின் முனகலும் நீல வெளிச்சமும் ராத்திரி முழுக்கப் படுக்கையறைக்குள் இருக்கும். ஒருவர் ரசிக்கலாம், கூடத் தூங்குகிறவரையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது, பின்னால் ஒரு தனி அறை. பெரிய அறை வேண்டாம். தொட்டியின் அகலம் போக மூன்றடி நிற்க இடம் இருந்தால் போதும். நம் வீடுகளில் இதற்குத் தோதான இடம் ஏற்கெனவே இருக்கிறது: வாஷ் ஏரியா. ஹால் சுவரின் மறுபுறம் வாஷ் ஏரியாவோ ஸ்டோர் ரூமோ வரும்படி பிளானைத் திருப்ப முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பாத்ரூமுக்குச் செய்வதுபோலவே தரைக்கு வாட்டர்ப்ரூஃபிங், சரிவு, தண்ணீர் வடியும் ஜாலி, ஒரு குழாய், ஒரு சிங்க், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஒருநாள் நூறு லிட்டர் தரையில் கொட்டத்தான் செய்யும். அது ஜாலிக்குள் போகிறதா, ஹாலின் மரத்தரைக்கு அடியில் போகிறதா என்பதை இன்றைக்கே முடிவு செய்துவிடலாம். என்னைக் கேட்டால், இந்த அறை கிடைக்காத வீட்டில் சுவருக்குள் தொட்டி வேண்டாம். அதே காசில் சுவரோரமாக நல்ல ஸ்டாண்ட் போட்டு ஐந்தடித் தொட்டி வைத்தால் இன்னும் சந்தோஷமாக இருக்கலாம்.

கட்டி முடித்த வீடு என்றால் சுவரின் வகையையும் பார்க்கவேண்டும். தூணும் பீமும் உள்ள கான்கிரீட் வீடுகளில் நடுச்சுவர் வெறும் அடைப்புச்சுவர். லிண்டல் போட்டு வெட்டலாம். பழைய வீடுகளில் அந்தச் சுவரே மொட்டைமாடியைத் தாங்கிக்கொண்டிருக்கும். "ஒண்ணும் ஆகாது சார்" என்று கொத்தனார் சொன்னாலும், கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் அதில் உளி படக்கூடாது.

எட்டடியா, ஆறடியா

ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். 8 அடி நீளம், 3 அடி அகலம், 2.5 அடி உயரம் என்றால் 60 கன அடி, அதாவது சுமார் 1,700 லிட்டர். 6 அடி நீளம், 2.5 அடி அகலம், 2 அடி உயரம் என்றால் 30 கன அடி, 850 லிட்டர். நீளத்தில் இரண்டடிதான் வித்தியாசம், தண்ணீரோ சரிபாதி. உப்பும் விளக்கும் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரும் கரண்ட் பில்லும் இந்தக் கன அடியைப் பின்தொடர்ந்தே ஏறும்.

எடையையும் பார்த்துவிடுவோம். ஆறடித் தொட்டிக்குத் தண்ணீர் மட்டும் 870 கிலோ, 15 மி.மீ. கண்ணாடி 180 கிலோவை ஒட்டி வரும். பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே நிரம்பிய சம்ப் எல்லாம் சேர்ந்தால் ஒன்றரை டன்னை நெருங்கும். அது நிற்கும் இடம் 1.4 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல். குடியிருப்புத் தளத்துக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டடச் சுமை விதி எடுத்துக்கொள்ளும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இதனால் மாடியில் வைக்கவே கூடாது என்று ஆகிவிடாது. பீமுக்கு மேலே, பீமோடு சேர்த்து வைத்தால் ஒரு கணக்கு. ஸ்லாபின் நடுவயிற்றில் வைத்தால் வேறு கணக்கு. அந்தக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும் பொறியாளர் கிடைக்கும்வரை மாடிவீட்டுக்காரர்கள் காத்திருக்கலாம். தரைத்தளத்தில் வேறு சங்கடம். டைல்ஸுக்கு அடியில் கொட்டி நிரப்பிய மண் நாளாவட்டத்தில் இறங்கும். ஒரு மூலை சில மில்லிமீட்டர் இறங்கினாலே கண்ணாடி இணைப்பு முறுக்கிக்கொள்ளும். தொட்டிக்கென்று தனி கான்கிரீட் படுகை போடுவது புது வீட்டில் சின்னச் செலவுதான்.

எடை ஒருபுறமிருக்க, கை எட்டவேண்டும். மூன்றடி அகலமும் இரண்டரை அடி ஆழமும் உள்ள தொட்டியில், பின்னால் நின்றுகொண்டு முன்கண்ணாடியின் அடியோரத்தில் விழுந்த ஒரு பவளத்துண்டை எடுத்துப் பாருங்கள். ஸ்டூல் மேல் ஏறி, தோள்வரை நனைந்து, இடுக்கியால் துழாவவேண்டியிருக்கும். சுவருக்குள் பதித்த தொட்டியில் முன்பக்கமாகக் கைவிட வழியே கிடையாது. ஆகவே அகலத்தையும் உயரத்தையும் தீர்மானிக்கவேண்டியது பராமரிக்கிறவரின் கை நீளம். என் ஓட்டு ஆறடிக்கு. இரண்டாள் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் வீடு என்றால் நீளத்தை மட்டும் ஏழு, எட்டு என்று கூட்டலாம். உயரம் இரண்டடியிலேயே நிற்கட்டும். கண்ணாடி மேல் தண்ணீர் போடும் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. உயரம் கூடாவிட்டால் கண்ணாடியின் தடிமனும் அவ்வளவாக ஏறாது, அடியில் கிடக்கும் பவளத்துக்கு வெளிச்சம் சேர்ப்பதும் சுலபம்.

உள்ளே எதை வளர்ப்பது

தேர்வுகளில் இதுதான் பெரியது. செலவு மட்டும் இல்லை, சட்டமும் இதில் வருகிறது. வெளிநாட்டு வீடியோக்களில் தொட்டி நிறையக் கிளைகிளையாக, ஊதாவும் பச்சையுமாக நிற்பவை கல் பவளங்கள். இந்தியாவில் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் 2001 முதல் அவை இருக்கின்றன; கடல்விசிறி, கரும்பவளம், தீப்பவளம் ஆகியவையும் கூடவே. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. செத்த பவளக்கல்லும் இதில் அடங்கும் என்பது பலருக்குத் தெரியாது. "ராமேஸ்வரம் பக்கத்துக் கல் சார், ஒரிஜினல்" என்று யாராவது லைவ் ராக் (நுண்ணுயிர் குடியேறிய கடல்பாறை) கொடுக்கவந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவை அடுத்த கடலிலிருந்துதான் அது வந்திருக்கும்.

முறையாக இறக்குமதியான கல் பவளம் என்றால்? கல் பவளங்கள், அருகிவரும் உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இருக்கின்றன. இருபக்க அனுமதிக் காகிதங்கள் வேண்டும். 2022இல் சட்டம் திருத்தப்பட்டபின், பட்டியலிட்ட வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று 2024இல் விதிகளும் வந்துவிட்டன. பேப்பர் இருக்கிறது என்று கடைக்காரர் வாயால் சொல்வதை வைத்து, ஹாலின் நடுவில், வருகிறவர் போகிறவர் எல்லோரும் பார்க்கும்படி ஒரு முதல் அட்டவணை உயிரை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, பவளமே இல்லாமல் பாறையும் மீனும் மட்டும். வெளிச்சச் செலவு குறையும், மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் தாங்கும். பெரிய மீன்களை, பவளத்தைக் கடித்துத் தின்னும் ஏஞ்சல், பட்டர்ஃப்ளை வகைகளைக்கூட, வளர்க்கலாம். முதல்முறையாகக் கடல்நீருக்கு வருகிறவர்களுக்கு இதுவே நல்ல பள்ளிக்கூடம். மற்றொன்று மென்பவளத் தொட்டி: தோல்பவளம், காளான்பவளம், பொத்தான் மாதிரிக் கூட்டமாக வளரும் ஸோவாந்திட். இவை அந்தக் கல் பவளப் பட்டியலில் வருவதில்லை. ஆனாலும் வாங்கும் ஒவ்வொன்றின் அறிவியல் பெயரையும் கேட்டு அட்டவணையோடு ஒத்துப்பார்ப்பது அவசியம். ஆர்கன் பைப் பவளம் மென்பவளக் குடும்பம்தான், ஆனால் தடைப்பட்டியலில் இருக்கிறது. மென்பவளத்துக்குக் கால்சியம், காரத்தன்மை எல்லாம் கல் பவளத்துக்கு வேண்டிய அளவுக்குத் துல்லியமாக இருக்கவேண்டியதில்லை. வாராவாரம் தண்ணீர் மாற்றினாலே ஓரளவு சரியாகிவிடும். வெளிச்சமும் மூன்றில் ஒரு பங்கு போதும். நீரோட்டத்தில் அசைந்தாடும் தோல்பவளக் கூட்டம் ஆறடிச் சுவரில் தரும் அழகுக்கு முன்னால், கொம்புக்கொம்பாக விறைத்து நிற்கும் கல் பவளம் எனக்குக் கொஞ்சம் சுமார்தான். ஸோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டியிருக்கும் கல்லை வெந்நீரில் போடுவதோ கையுறை இல்லாமல் சுரண்டுவதோ ஆகாது.

பாறைக்குச் செயற்கையாகச் செய்த உலர்கல் போதும். நுண்ணுயிர் குடியேற ஒன்றிரண்டு மாதம் கூடப் பிடிக்கும், அவ்வளவுதான். மீன்களில் கிளவுன் மீனைக் கடலிலிருந்து பிடிக்கத் தேவையே இல்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை எப்போதோ நிலைநிறுத்திவிட்டன. பண்ணையில் பிறந்த மீன் உலர் தீனியைத் தயங்காமல் தின்னும், நோயும் குறைவு.

தொட்டி எதில் செய்வது

சுவருக்குள் பதிக்கும் தொட்டிக்குத் தெரியும் முகம் ஒன்றே ஒன்று. இந்த ஒரு சௌகரியத்தை ஏனோ பலர் பயன்படுத்திக்கொள்வதில்லை. நான்கு பக்கமும் இரும்பு குறைந்த தெளிகண்ணாடி கேட்டு வாங்கினால், மூன்று பக்கத்துக் காசு கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் போகும். முன்பக்கம் மட்டும் தெளிகண்ணாடி, மற்றவை சாதாரணக் கண்ணாடி என்பதே கணக்கான தேர்வு. கொளத்தூர் பக்கத்தில் தொட்டி ஒட்டுகிறவர்களுக்கு இது பழக்கமான வேலை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்: சூடாக்கி உறுதியேற்றிய டஃபன்டு கண்ணாடியில் பிறகு துளை போட முடியாது. ஓவர்ஃப்ளோத் துளைகள் வரும் கண்ணாடி சாதாரண வகையாக இருக்கட்டும்.

அக்ரிலிக் எடை குறைவு, அடிபட்டால் சட்டென்று உடையாது, வெப்பத்தையும் கண்ணாடியைவிட மெதுவாகத்தான் கடத்தும். ஆனால் கீறும். பின்னால் நின்று இரண்டரை அடி தள்ளியிருக்கும் முன்முகத்தைச் சுரண்டும்போது, காந்தச் சுரண்டிக்கு நடுவில் ஒரு மணல் துணுக்கு மாட்டினால் ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலத்துக்கும் அந்தக் கோடு தெரியும். பத்தடிக்கு மேல், வளைந்த முகம் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக்தான். ஆறடிக்கு அது வீண்.

மூன்றாவதாக ஒன்றை யோசிக்கலாம்: கண்ணாடியிழை கலந்த பிளாஸ்டிக்கான எஃப்.ஆர்.பி.யில் தொட்டி, முன்பக்கம் மட்டும் கண்ணாடி. படகு கட்டும் கைகள் நம் கடலோரம் முழுக்க இருக்கின்றன. மீன்குஞ்சுப் பொரிப்பகங்களில் இருப்பதும் எஃப்.ஆர்.பி. தொட்டிகளே. எட்டடிக்கு மேல் போனால் கண்ணாடியைவிட இது மலிவாகவும் முடியும். கண்ணாடியும் எஃப்.ஆர்.பி.யும் சேரும் விளிம்புதான் சிக்கலான இடம். அதை ஏற்கெனவே செய்து, நீர் நிரம்பிய நிலையில் காட்டக்கூடியவரிடம் மட்டும் கொடுங்கள். ரெசின் வாடை அடிக்கும் தொட்டியில் மீன் விடக்கூடாது. முழுக்க இறுகியபின் பலமுறை நிரப்பி வடிக்கவேண்டும்.

ஸ்டாண்டுக்கு இரும்பு பைப் வெல்டிங்தான் வழக்கம். பவுடர் கோட்டிங்கில் ஒரு கீறல் விழுந்தால் உப்பு அதற்குள் புகுந்துவிடும். தரைத்தளத்தில், சமையல் மேடை கட்டுவது மாதிரி மூன்று நான்கு செங்கல் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் பலகை, அதன்மேல் மட்டம் பார்த்துக் கிரானைட், தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மோகோல் தாள். துருவுக்கே இடமில்லை. சம்ப் உள்ளே போகவும் வெளியே வரவும் இடைவெளி விட்டிருக்கிறதா என்று மட்டும் கட்டும்போது அளந்து பாருங்கள்.

வெயில்

பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரி வரை இதம். பழகிய கோடை வெப்பத்துக்கு மேல் ஓரிரு டிகிரி ஏறிச் சில வாரம் நின்றாலே அது வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் நடந்தது அதுதான். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறையில் தொட்டித் தண்ணீர் 31, 32 தொடும்.

மலிவான வழி மின்விசிறி. ஒரு லிட்டர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டுபோகும். நாளுக்குப் பத்து லிட்டர் ஆவியானால், 280 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியேற்றியதற்குச் சமம். சும்மா இல்லை. ஆனால் கடலோர ஈரக்காற்றில் ஆவியாதல் தளர்ந்துவிடும், ஆவியான தண்ணீரோ அந்தச் சின்னப் பின்னறையின் சுவரில் பூஞ்சையாக முளைக்கும். மீன் மட்டும் உள்ள தொட்டிக்கு விசிறியும் எக்ஸாஸ்டும் சேர்ந்து ஓரளவு சமாளிக்கும். பவளத்துக்குப் போதாது.

அடுத்தது சில்லர். நேரடியாகத் தண்ணீரைக் குளிர்விக்கும்; டிகிரியில் தவறாது. தண்ணீரிலிருந்து எடுத்த வெப்பத்தை அது எங்கே விடுகிறது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். மூடின பின்னறையில் வைத்தால் அந்த அறை அடுப்பாகும், அந்தச் சூடு மறுபடி தொட்டிக்குள் வரும், சில்லர் ஓயவே ஓயாது. பால்கனியிலோ வெளிச்சுவரோரம் நிழலிலோ வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவரவேண்டும். மூன்றாவது, பின்னறைக்கே ஒரு சின்ன ஏசி. ஈரப்பதமும் சேர்ந்து குறையும். ஆனால் 24 மணி நேரமும் ஓடவேண்டும், உப்புக்காற்று காயிலைத் தின்னும். நான் சில்லரை வெளியே வைக்கச் சொல்வேன். ஹால் எப்படியும் பகலெல்லாம் ஏசியில் இருக்கும் வீடு என்றால் சில்லரின் அளவை ஒருபடி குறைத்துக்கொள்ளலாம்.

பம்ப், விளக்கு, சில்லர் எல்லாம் சேர்த்துச் சராசரி 500 வாட் என்று வைத்தால்கூட இரண்டு மாத பில்லில் 720 யூனிட். வீட்டு உபயோகத்தோடு இது சேரும்போது 500 யூனிட் வரம்பு தாண்டி மேல்படி விலைக்குப் போய்விடும். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

கடல்நீரா, உப்பா

கடல் பக்கத்திலேயே இருக்கும்போது உப்பு வாங்குவானேன் என்று தோன்றும். நல்ல பருவத்தில், கடற்கரையைவிட்டுத் தள்ளி, படகில் போய் எடுத்த நீர் அருமையானதுதான். வடிகட்டி, இருட்டில் சில நாள் வைத்துப் பயன்படுத்தலாம். பிரச்சினை அக்டோபரில் தொடங்கும். வடகிழக்குப் பருவமழையில் கரையோர உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35லிருந்து 30க்கும் கீழே இறங்குவது உண்டு. அடையாறும் கூவமும் கொண்டுவந்து சேர்ப்பதைச் சொல்லவேண்டியதில்லை. 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் பரவியபோது, கடல்நீரையே நம்பியிருந்தவர்களுக்கு மாற்றுவழி வேண்டியிருந்தது.

செயற்கை உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம். சம்போடு சேர்த்து ஆயிரம் லிட்டருக்கு முதல் தடவை 38 கிலோ, பிறகு வாரம் நூறு லிட்டர் மாற்றினால் நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. உப்பைவிட அதைக் கரைக்கும் தண்ணீர்தான் வேலை வாங்கும். கடலோர போர்வெல்லில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். வீட்டு ஆர்.ஓ. அதை ஐம்பதுக்குக் கொண்டுவந்தாலும் போதாது, பின்னால், மிச்ச உப்பையும் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசின் வைத்துப் பூஜ்யமாக்கவேண்டும். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவாகப் போகும் மெஷினில் ஆயிரம் லிட்டர் நிரப்ப மூவாயிரம் லிட்டர் சாக்கடைக்குப் போகும். அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பிவிட ஒரு குழாய் போட்டுவைத்தால் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் திட்டு குறையும். என் முடிவு உப்புக்கே. கடல்நீரை நம்புவதானால் மழைக்கால மூன்று மாதத்துக்காவது உப்பு மூட்டை கையிருப்பு வேண்டும்.

கரண்ட் போனால்

வெதுவெதுப்பான உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். மோட்டார் ஓய்ந்து தொட்டிக்குள் அலை நின்ற சில மணி நேரத்தில் பெரிய மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். தொட்டியின் மோட்டார்களை வீட்டு இன்வெர்ட்டரோடு சேர்க்கவேண்டாம். அதில் ஃபேனும் ஃபிரிட்ஜும் பங்குக்கு வரும். சம்பிலிருந்து நீரை மேலேற்றும் ரிட்டர்ன் பம்புக்கும் அலைமோட்டாருக்கும் மட்டும் தனி இன்வெர்ட்டர் வையுங்கள். இரண்டும் டி.சி. வகையாக இருந்து 80 வாட்டுக்குள் அடங்கினால், நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். பேட்டரி ஒன்று பத்து மணி நேரம் தாங்கும். மிக்ஜாம் புயல்போல நாள்கணக்கில் மின்சாரம் போனால் அதுவும் போதாது. சின்ன ஜெனரேட்டருக்கான இணைப்பு முனையை வெளிச்சுவரில் போட்டுவைக்கலாம். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. இல்லாமல் உப்புநீரில் கைவைக்க வேண்டாம். இதில் ஒப்பீட்டுக்கே இடமில்லை.

ஆர்டர் கொடுக்கும் முன் பின்னறை வாசலை அளந்துவிடுங்கள். இரண்டரை அடிக் கதவு, அதை அடுத்து ஒரு திருப்பம் என்றால் ஆறடித் தொட்டி உள்ளே திரும்பாது. அப்போது அறைக்குள்ளேயே வைத்து ஒட்டவேண்டும். சிலிக்கான் காய ஒரு வாரத்துக்குக் குறையாமல் அந்த அறையை விட்டுவிட வேண்டியிருக்கும். சிலிக்கான் இணைப்பு பத்துப் பதினைந்து வருஷத்தில் மறுபடி பார்க்கவேண்டிய வேலை. ஹால் பக்கத்துச் சட்டத்தைப் பூச்சுக்குள் புதைக்காமல், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டு, ஸ்க்ரூ கழற்றினால் வெளியே வரும்படி டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையில் செய்யச் சொல்லுங்கள்.